குப்பை பொறுக்க வாரீர்!

ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை பிறந்துவிட்டால் போதும், அமெரிக்கப் பெரிய மனிதர்களுக்குக் குப்பைமேல் அப்படியொரு பாசம் பொங்கிவிடும். வருடம் முழுக்கத் தன் வீட்டுக் குப்பைத்தொட்டியைத் தெருவோரம் உருட்டி வைக்க மனைவியோடு மல்லுக்கு நிற்கும் வைஸ் பிரசிடென்ட், அன்று காலை எட்டு மணிக்கே பூங்கா வாசலில் ஆஜர். முன்பக்கம் கம்பெனி முத்திரை, பின்பக்கம் மார்ட்டின் லூதர் கிங் முகம் போட்ட டி-ஷர்ட்டைக் குளிர்ச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்வார். எக்ஸ்எல் தீர்ந்துபோயிருந்தால் கிங்கின் கன்னம் கொஞ்சம் இழுபடும், பரவாயில்லை. கையில் நீல உறை. நுனியில் கிடுக்கி வைத்த நீளக் குச்சி ஒன்றும் தருவார்கள், குனியவே வேண்டாம். முதல் வேலை குழுப்படம். இரண்டாவது வேலையும் அதுதான், ஏனென்றால் முதல் படத்தில் கம்பெனி பேனர் மடங்கியிருந்தது. பிறகு ஒன்றரை மணி நேரம் சிகரெட் துண்டு, பிளாஸ்டிக் மூடி, நாயை நடத்திப்போனவர் விட்டுப்போன நெகிழிப் பை. பதினோரு மணிக்கு சாண்ட்விச், சிப்ஸ், ஜில்லென்று ஒரு கோக். இந்தக் கோக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இது யாரோ நாலு பேர் கிளப்பிவிட்ட பழக்கம் இல்லை, சட்டம். கிங் பிறந்தநாள் விடுமுறையைத் தேசிய சேவை நாளாக்கி 1994இல் ஹாரிஸ் வாஃபர்டும் ஜான் லூயிஸும் கொண்டுவந்தார்கள், அதிபர் கிளின்டன் கையெழுத்துப் போட்டார். கொண்டுவந்த இருவரும் லேசுப்பட்டவர்கள் அல்லர். வாஃபர்ட் கிங்கின் நண்பர். லூயிஸ் 1965இல் செல்மா பாலத்தில் வாக்குரிமை ஊர்வலம் போய்ப் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர். அவர்கள் மனத்தில் இருந்தது வேறாக இருந்திருக்கும். ஆனால் சட்டம் கைமாறிக் கைமாறி ஹெச்.ஆர். இலாகாவின் காலண்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 'இது லீவு போட்டுப் படுக்கும் நாள் இல்லை, இறங்கி உழைக்கும் நாள்' என்று அதற்கு ஒரு முழக்கமும் கட்டிவிட்டார்கள். கிங் கடைசியாக எங்கே நின்றார், யாரோடு நின்றார் என்று அந்த முழக்கத்தை எழுதிய புண்ணியவானிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

1968 பிப்ரவரி 1. டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரம். மழை கொட்டுகிறது. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்புறத்துக்குள் ஒதுங்குகிறார்கள். ஒரு வீட்டு வராந்தாவில் நின்றிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். கறுப்பர்கள் வாசலில் நிற்கிறார்கள் என்று வெள்ளைக்கார வீடுகளிலிருந்து புகார் போகும், அதனால் மழையென்றால் லாரிக்குள்தான் ஒதுங்க வேண்டும் என்பது நகராட்சி விதி. குப்பையை அழுத்தும் இயந்திரம் தானாக ஓட ஆரம்பித்து இருவரையும் நசுக்கிக் கொன்றது. ஓட்டை லாரிகளை மாற்றுங்கள் என்று தொழிலாளர்கள் ஏற்கெனவே கேட்டுக் களைத்திருந்தார்கள். செத்தவர்களின் குடும்பத்துக்கு நகராட்சி ஒரு மாதச் சம்பளமும், அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்துக் கணக்கை முடித்தது.

அந்த ஊரில் குப்பை அள்ளுவது எப்படியென்றால், வீட்டுக் கொல்லைப்புறம்வரை போய், அங்குள்ளதைப் பெரிய தொட்டியில் கொட்டி, தலையிலோ தோளிலோ தூக்கிக்கொண்டு லாரிக்கு வரவேண்டும். தொட்டியின் அடி ஓட்டை. அழுகல் தண்ணீரும் புழுவும் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கும். கிடுக்கிக் குச்சியெல்லாம் கிடையாது. இப்படி முழுநேரம் உழைத்தவர்களில் பலருக்கு, அரசு நிவாரணம் வாங்கும் அளவுக்குத்தான் சம்பளம் இருந்தது. பிப்ரவரி 12 அன்று சுமார் 1300 பேர் வேலைக்கு வரவில்லை. கேட்டது கூலி உயர்வு, சங்கத்துக்கு அங்கீகாரம். மேயர் ஹென்றி லோப் இரண்டுக்கும் முடியாது என்றார். 'நானும் மனுஷன்தான்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் தெருவில் நடந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில், ராக்கெட் விட்டுக்கொண்டிருந்த நாட்டில், வளர்ந்த ஆண்கள் அதை அட்டையில் எழுதித்தான் காட்ட வேண்டியிருந்தது.

மார்ச் 18 அன்று கிங் வந்தார். அவர் மெம்ஃபிஸ் மக்களிடம் ஒரு யோசனை சொன்னார்: ஒரு நாள் ஊரே வேலைக்குப் போகாதீர்கள். வீட்டு வேலைக்காரர், ஆலைத் தொழிலாளி, யாரும் போக வேண்டாம், பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், ஊர் எப்படி ஓடுகிறதென்று பார்ப்போம். அதாவது, ஐயா முழக்கம் எழுதியவரே, மனுஷன் கேட்டது லீவு. மார்ச் 22 என்று நாளும் குறித்தார்கள். அன்றைக்கென்று பார்த்து மெம்ஃபிஸில் பெரும் பனி கொட்டி ஊரே முடங்கியது. மார்ச் 28 ஊர்வலம் கலவரமாகி, லேரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கிங் திரும்ப வந்தார். ஏப்ரல் 3 இரவு மேசன் டெம்பிளில் அவர் பேசிய கடைசிப் பேச்சின் மலையுச்சி வசனங்களைத்தான் எல்லா விழாவிலும் போடுவார்கள். அதே பேச்சில் அவர் சாமான் பட்டியலே கொடுத்தார்: வேலை கொடுப்பதில் பாரபட்சம் காட்டுகிறார்கள், அதனால் மெம்ஃபிஸில் இன்ன கம்பெனி ரொட்டி வாங்காதீர்கள், இன்ன கம்பெனி பால் வாங்காதீர்கள், கோகோ கோலா வாங்காதீர்கள். மறுநாள் மாலை லொரைன் மோட்டல் மாடியில் அவரைச் சுட்டார்கள். வயது 39.

வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் மேயர் லோப் மாற்று ஆட்களை வைத்து, போலீஸ் காவலோடு குப்பை அள்ள வைத்தார். அப்படிப் போய் அள்ளியவர்களுக்கு நம் தொழிற்சங்க வாசலில் என்ன பெயரென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருங்காலி. அவர்களாவது காசு வாங்கிக்கொண்டு அள்ளினார்கள். குப்பை அள்ள மாட்டோம் என்றவர்களுக்காக உயிரை விட்டவரின் பிறந்தநாளில், அவர் முகத்தை முதுகில் போட்டுக்கொண்டு, ஓசியில் குப்பை அள்ளி, அவர் வாங்காதே என்ற கோக்கைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள் இவர்கள். இதற்குப் பெயர் மரபைப் போற்றுதல்!

பூங்காவில் குப்பை பொறுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைமேல் எனக்கு வருத்தம் கிடையாது. உணவு வங்கியில் டின் அடுக்கும் பாட்டியைக் கும்பிடலாம், வருடம் முழுக்க அவர் அங்கேதான் இருப்பார். அவர்கள் கையில் குச்சியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று படமெடுக்கும் ஆள்மேல்தான் ஆத்திரம். பிச்சைக்காரனுக்குக் காசு வீசுவதோடு இரக்கம் முடிந்துவிடாது, பிச்சைக்காரர்களை உண்டாக்கும் கட்டடத்தையே பிரித்துக் கட்ட வேண்டும் என்ற பொருளில் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் கிங் பேசினார். வியட்நாம் போரையும் சேர்த்துப் போட்டுத் தாக்கிய அந்தப் பேச்சுக்காக வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ் இரண்டும் தலையங்கம் எழுதி அவரை வைதன. கட்டடம் அப்படியே இருக்கிறது. வருடம் ஒருமுறை கிங் பெயரால் அதற்கு வெள்ளையடிக்கிறோம். பெயின்ட்டும் பிரஷ்ஷும் ஏதோ ஒரு வங்கியின் அன்பளிப்பு.

உயிரோடிருந்த கிங்கை அந்த நாட்டுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1966இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 63 விழுக்காட்டினர் அவரைப் பிடிக்காது என்றார்கள். 2011இல் அதே நிறுவனம் கேட்டபோது 94 விழுக்காட்டினருக்குப் பிடித்திருந்தது. இடையில் அவர் செய்த ஒரே காரியம் செத்துப்போனது. இருக்கும்போது கஞ்சி ஊற்றாதவன் செத்தபின் பாயசம் வைத்துப் படைத்த கதை. அதையாவது சுமுகமாகப் படைத்தார்களா? கொலை நடந்த நான்காம் நாளே காங்கிரஸ் உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் விடுமுறை மசோதாவைக் கொடுத்தார். நிறைவேற 15 வருடம் பிடித்தது. 1983இல் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், கிங் கம்யூனிஸ்ட் என்று காட்ட 300 பக்கக் கட்டொன்றைத் தூக்கிக்கொண்டு அவைக்கு வந்தார். மொய்னிஹன் என்ற செனட்டர் அதை அழுக்கு மூட்டை என்று திட்டித் தரையில் வீசினார். கிங் கம்யூனிஸ்ட்தானா என்று நிருபர்கள் கேட்டதற்கு, இன்னும் 35 வருடத்தில் தெரிந்துவிடுமே என்றார் அதிபர் ரீகன். ரகசியக் கோப்புகள் அப்போதுதான் திறக்குமாம். சொன்ன கொஞ்ச நாளில், நவம்பர் 2 அன்று, வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் கிங்கின் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். முகத்தில் அதே புன்னகை. நடிகர் இல்லையா.

அரிசோனாவில் ஆளுநர் மெக்கம் 1987இல் பதவிக்கு வந்ததும் முதல் வேலையாக இந்த விடுமுறையைத் தூக்கினார். 1990இல் வாக்காளர்களும் வேண்டாம் என்றார்கள். சூப்பர் பௌல் போட்டியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று கால்பந்துச் சங்கம் சொல்லி, சொன்னபடி மாற்றிய பிறகு 1992இல் ஞானோதயம் பிறந்தது. தியாகத்தால் வராத மரியாதை டிக்கெட் வசூலால் வந்தது. அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களில் இன்றும் அதே திங்கட்கிழமைதான் ராபர்ட் ஈ. லீக்கும் அரசு விடுமுறை. லீ யார்? கறுப்பரை அடிமையாகவே வைத்திருக்கப் பிரிந்துபோன மாநிலங்களின் படைத்தலைவர். ஒரே நாளில் இருவருக்கும் மாலை. அங்கே சேவை செய்யப் போகிறவர் யார் கணக்கில் எழுதிக்கொள்வாரோ!

மரியாதை செலுத்துவோர் வரிசையில் எஃப்.பி.ஐ.யும் நிற்கிறது. கிங் தினத்தன்று அவரைப் போற்றி அந்தத் துறை சமூக ஊடகத்தில் பதிவு போட்டிருக்கிறது. இதே துறைதான் 1963 முதல் அவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்டது, ஓட்டல் அறையில் மைக் வைத்தது. 1964 நவம்பரில் பெயர் போடாத கடிதம் ஒன்றை ஒலிநாடாவோடு அனுப்பி, தற்கொலை செய்துகொள் என்று ஜாடையாகச் சொன்னதும் இதுவே. அவரை அதிகம் கவனித்துக் கேட்ட அமைப்பு இதுதான் என்ற வகையில், அஞ்சலி செலுத்த அதற்கு உரிமை இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் சேவை என்ற சொல்லை உரித்துத் தோலைக் காயப்போட்டது ராம் டிரக் விளம்பரம். 2018 பிப்ரவரி 4, சூப்பர் பௌல் இரவு. திரையில் பிறருக்கு உதவும் மனிதர்கள், எல்லோருக்கும் நடுவே ஒரு டிரக். பின்னணியில் கிங்கின் குரல். சேவை செய்யத் தெரிந்தால் எவரும் பெரியவர் ஆகலாம் என்ற பொருளில் அவர் பேசுவதாக வரும் பகுதி. அந்தப் பிரசங்கம் அவர் அட்லாண்டாவில் சரியாக 50 வருடம் முன்பு, 1968 பிப்ரவரி 4 அன்று செய்தது. தேதிப் பொருத்தம் பார்த்த விளம்பரக்காரர்கள் பிரசங்கத்தை முழுவதும் கேட்கவில்லை போலும். அல்லது கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்களோ. ஏனென்றால் அதே பிரசங்கத்தில் கிங், பக்கத்து வீட்டுக்காரன் பொறாமைப்பட வேண்டுமானால் இந்தக் காரை வாங்கு என்று ஆசை காட்டும் விளம்பரக்காரர்களைக் கிழிக்கிறார், தகுதிக்கு மீறிக் கார் வாங்கிக் கடனில் மூழ்காதீர்கள் என்று சபையாரை எச்சரிக்கிறார். குரலுக்கு அனுமதி எங்கே வாங்கினார்கள் என்றால், கிங் குடும்பத்தின் உரிமங்களை நிர்வகிக்கும் நிறுவனத்திடம்தான். வாஷிங்டனில் உள்ள கிங் நினைவுச்சின்னத்தில் அவர் சொற்களையும் உருவத்தையும் வைக்க அந்த நிறுவனத்துக்குச் சுமார் 8 லட்சம் டாலர் கட்டினார்கள். செல்மா போராட்டத்தைப் படமாக எடுத்த இயக்குநருக்கு உரிமை கிடைக்காமல், கிங் பேச்சைக் கிங் பேசாத வார்த்தைகளில் எழுதிக்கொண்டார். டிரக் விற்கிறவனுக்குக் கிடைத்தது.

நம்மவர்களை விட்டுவிட்டால் பாவம் சேரும். 1965க்கு முன் இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். நாடு முழுவதற்கும் சேர்த்து நூறு! கறுப்பர்களின் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிய அதே வருடம், அதே அலையில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது, நம் ஊர்ப் பெட்டிகள் அங்கே இறங்கின. தடியடி அவர்களுக்கு, கிரீன் கார்டு நமக்கு. அதற்கு நன்றிக்கடனாக ஜனவரி வந்தால் வாட்ஸ்அப் குழு பரபரக்கும். "அக்கா, பெரியவன் லெவன்த் வந்துட்டான், சேவை மணி நேரம் குறையுது, எம்எல்கே டேக்கு எங்கயாவது ஸ்லாட் இருக்கா?" "இருக்கு, ஆனா டவுன்டவுன்ல." "ஐயோ, அந்த ஏரியாவா? பார்க்கிங் சேஃபா? கையெழுத்துப் போட்டு லெட்டர் தருவாங்கல்ல?" லெட்டர் தருவார்கள். அது கல்லூரி விண்ணப்பத்தில் ஏறும். கறுப்பின மாணவருக்கு அதே கல்லூரியில் கொடுத்துவந்த முன்னுரிமையை 2023இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது இனிப்பு ஸ்மைலி போட்டதும் இதே குழுதான். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பார்த்து வீடு வாங்கும்போது கிங் பெயர் வைத்த சாலை எந்தப் பக்கம் போகிறது என்று விசாரித்து, அதற்கு எதிர்ப்பக்கம் வாங்குகிற சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும்.

1963இல் வாஷிங்டனில் கூடிய கூட்டத்தின் பெயர் வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. அங்கே கிங் சொன்ன கனவு மட்டும் ஊருக்குத் தெரியும். கோரிக்கைப் பட்டியலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் என்று ஒரு வரி இருந்தது. இன்றைய விலைவாசிக்கு அது சுமார் 20 டாலர். நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7 டாலர் 25 சென்ட். அசையவே இல்லை. டென்னசியில் மாநிலத்துக்கென்று தனிக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது, அந்த ஏழேகால்தான். மெம்ஃபிஸின் அந்த 1300 பேரின் கதைக்கும் முடிவைக் கேளுங்கள். கிங் செத்த பிறகு, ஏப்ரல் 16 அன்று, நகராட்சி இறங்கிவந்து ஒப்பந்தம் போட்டது. ஆனால் நகராட்சி ஓய்வூதியம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எண்பதைத் தாண்டியும் குப்பை லாரி ஏறியவர்கள் இருந்தார்கள். 2017இல்தான், உயிரோடு மிஞ்சியிருந்த 14 பேருக்குத் தலைக்கு 50,000 டாலர் என்று நகராட்சி அறிவித்தது, பின்பு 70,000 ஆக்கியது. 49 வருடம் காத்திருந்தால் கணக்கு எவ்வளவு லேசாகிவிடுகிறது பாருங்கள், 1300 பேர் 14 பேராகிவிடுகிறார்கள்.

வாக்குரிமைச் சட்டம் என்ன ஆயிற்று? 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. அதைத் திரும்பக் கட்ட, சேவை நாளைக் கொண்டுவந்த அதே ஜான் லூயிஸ் பெயரில் ஒரு மசோதா செனட்டுக்கு வந்தது. 2022 ஜனவரி 17 கிங் தினம். ட்விட்டர் முழுக்கச் செனட்டர்களின் மலரஞ்சலி. ஜனவரி 19 அன்று மசோதா மண்ணைக் கவ்வியது. மலர் வாடுவதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. 2026 முதல் கட்டணம் வசூலிக்கும் தேசியப் பூங்காக்களில் இலவச அனுமதி நாட்களிலிருந்து கிங் தினத்தை நீக்கி, ஜூன் 14ஐச் சேர்த்திருக்கிறார்கள். கொடி நாளாம் அது. அதிபர் டிரம்பின் பிறந்தநாளும் அன்றுதான்.

ஆகவே சேவை செய்யத் துடிப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. கிங் பிறந்த மாநிலமான ஜார்ஜியாவில் ஜனவரி மாதம் வீடில்லாதவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கலாம், மேயரே வந்து முதுகில் தட்டுவார், டி-ஷர்ட் உண்டு. மிச்சப் பாட்டில்களை நவம்பருக்கு எடுத்துவைத்தால் கவனம் தேவை. வாக்குச்சாவடியில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் கிழவிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது 2021இல் கையெழுத்தான மாநிலச் சட்டப்படி குற்றம். கட்டடத்திலிருந்து 150 அடி தள்ளி நில்லுங்கள். சேவைக்குப் போகும்போது குச்சியோடு ஓர் அளவு நாடாவும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.